கற்பிட்டிக்குப் போனோம், கடலைப் பார்த்தோம்



பயணம் என்றால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது மூட்டை முடிச்சுத்தான். ஒரு பிள்ளை இடுப்பில், இன்னொன்று கையில், தலையில் பாய், மடியில் அடையாள அட்டை. அதற்குப் பிறகும் பயணங்கள் இருந்தன. வைத்தியசாலைக்கு, கச்சேரிக்கு, நீதிமன்றத்துக்கு, காணாமற்போனோர் பற்றிய விசாரணைக்கு என்று போனோம். ஆனால் ஓர் இடத்தைப் பார்ப்பதற்காக மட்டும் வீட்டை விட்டுப் புறப்பட்டது எப்போது என்று கேட்டால் பலருக்குப் பதில் இல்லை.

மன்னாரில் ஒரு மகளிர் குழுவைச் சேர்ந்த பெண்கள் இந்தக் கேள்வியைத் தங்களுக்குள் கேட்டார்கள். பன்னிரண்டு பேர். தமிழ்ச் சகோதரிகள் ஏழு பேர், முஸ்லிம் சகோதரிகள் ஐந்து பேர். ஆடு வளர்ப்பவர், தையல் தைப்பவர், கருவாடு விற்பவர், இடியப்பம் அவிப்பவர் என்று எல்லோரும் உழைத்துச் சாப்பிடுபவர்கள். மாதாமாதம் சீட்டுப் பிடிப்பது போல ஆளுக்கு 500 ரூபா போட்டார்கள். பதினான்கு மாதம் சேர்ந்ததும் ஒரு வான் பேசினார்கள். “எங்கே போவது?” என்றபோது கண்டி என்றார்கள், நுவரெலியா என்றார்கள். கடைசியில் ஒரு மூத்த முஸ்லிம் சகோதரி, “கற்பிட்டிக்குப் போவம்” என்றார். ஏன் என்று அப்போது அவர் சொல்லவில்லை.

தை மாதக் கடைசியில் அவர்களோடு நானும் போனேன். அந்த இரண்டு நாட்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பாலாவிச் சந்தியில் இருந்து

மன்னாரிலிருந்து அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டு மதவாச்சி, அநுராதபுரம் வழியாகப் புத்தளம் வந்து சேரும்போது ஒன்பது மணி தாண்டிவிட்டது. புத்தளத்துக்கு அருகே சிரம்பியடி என்ற ஊர் இருக்கிறது. போர்த்துக்கேயர் காலத்திலும் பின்னரும் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். போர்த்துக்கேய மொழி கலந்த பழைய பாட்டுகளைச் சிரட்டை, கரண்டி, போத்தல், றபான் கொண்டு தாளம் போட்டுப் பாடி ஆடுவார்கள். அதற்கு ‘மஞ்சா’ என்று பெயர். பேச்சில் அந்தப் பழைய மொழி மறைந்துகொண்டிருக்கிறது. பாட்டில் மட்டும் அது தங்கியிருக்கிறது. அதைத் தாய்மாரும் பாட்டிமாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறார்கள்.

புத்தளம் நகருக்குத் தெற்கே சில கிலோமீற்றரில் பாலாவிச் சந்தி. அங்கேதான் கற்பிட்டி வீதி பிரிகிறது. திரும்பியவுடன் உப்பளம் கண்ணைப் பறிக்கிறது. களப்பு நீரைப் பாத்திகளில் பாய்ச்சி, வெயிலும் காற்றும் வற்றவைக்க, மிஞ்சும் உப்பைச் சுரண்டிக் குவிக்கிறார்கள். கேட்க எளிதான வேலை. ஆனால் காலில் ஒரு சிறு வெடிப்பு இருந்தாலும் அந்த நீரில் நிற்க முடியாது. மழை தவறி வந்தால் உழைப்பு முழுவதும் கரைந்துபோகும். 2025 இல் அப்படித்தான் நடந்தது. பருவம் தப்பிய மழையால் உற்பத்தி விழுந்து, சுற்றிவரக் கடல் உள்ள நம் நாடு உப்பை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. அடுப்படியில் உப்பு இல்லாமல் நாம் பட்ட பாடு மறந்திருக்காது.

பாலாவியிலிருந்து கற்பிட்டி ஏறத்தாழ 40 கிலோமீற்றர். ஒரு நீண்ட மணல் நாக்கு போன்ற நிலம் அது. ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல். மணல் என்று நினைத்து ஏமாறக் கூடாது. வழிநெடுகச் சின்ன வெங்காயம், மிளகாய், பீற்றூட், கரட், கிழங்கு எல்லாம் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. கிணற்று நீரைத் தூவிப் பயிர் செய்கிறார்கள். களை பிடுங்கும் வரிசையில் குனிந்து நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். ‘எங்கட வேலைதான்’ என்றார் வானில் இருந்த ஒருவர். இவ்வளவு விளைச்சலுக்கும் ஆதாரம் நிலத்தடியில் உள்ள நன்னீர்தான். மணல் நிலத்தில் போடும் உரமும் மருந்தும் விரைவாக அந்த நீரில் இறங்கிவிடும். குடிநீர்க் கிணறும் அதே நிலத்தில்தான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

மாம்புரியில் காற்றாலைகள் சுழல்கின்றன. 2010 இல் இவை வந்தபோது இலங்கைக்கு இது புதுக் காட்சி. சற்றுத் தள்ளி நுரைச்சோலையில் நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி வானைத் தொட்டு நிற்கிறது. முதற் பகுதி 2011 இலும் முழுவதும் 2014 இலும் இயங்கத் தொடங்கின. மொத்தம் 900 மெகாவாற். நம் வீட்டு மின்குமிழ் எரிவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அயலில் வாழ்பவர்களோ நிலக்கரித் தூசும் சாம்பலும் பற்றிப் பல தடவை முறையிட்டிருக்கிறார்கள்.

அடுத்தது தலவில். புனித அன்னம்மாள் திருத்தலம் கடற்கரையிலேயே இருக்கிறது. மார்ச் மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும் நடக்கும் பெருவிழாக்களுக்கு நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் மக்கள் வந்து கூடாரம் அடித்துத் தங்குவார்கள். கத்தோலிக்கர் மட்டுமல்ல, மற்றச் சமயத்தவரும் வருவார்கள். அன்னம்மாள் மரியாளின் தாய். அதனால் பிள்ளைக்காக நேர்த்தி வைக்கும் பெண்கள் இங்கே அதிகம். எங்கள் குழுவில் இருந்த ஓர் அம்மா, 2009 இல் தொலைந்த மகனுக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றினார். அவர் வரும்வரை நாங்கள் மரநிழலில் பேசாமல் காத்திருந்தோம்.

வந்தவர்களைக் கண்ட துறை

கற்பிட்டி நகருக்குள் நுழையும்போது கழுதைகள் வீதியை மறித்து நின்றன. மன்னார்க் கழுதைகளைப் பார்த்துப் பழகிய எங்களுக்குச் சொந்தக்காரரைக் கண்டது போலச் சிரிப்பு வந்தது. அராபிய வணிகர்கள் பொதி சுமக்கக் கொண்டுவந்தவற்றின் வம்சம் என்று இரண்டு ஊரிலும் ஒரே கதைதான் சொல்கிறார்கள்.

இந்தக் கரை மிகப் பழைய துறைமுகக் கரை. 1344 ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டுப் பயணி இபுனு பதூதா மாலைதீவிலிருந்து வந்து ‘பத்தாலா’ என்ற இடத்தில் இறங்கியதாக எழுதியிருக்கிறார். அது புத்தளம்தான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. அப்போது இங்கே ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சி. மன்னர் பாரசீக மொழி பேசினார் என்றும், முத்துக்களைக் காட்டினார் என்றும், ஆற்று வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடந்தன என்றும் அவர் சொல்கிறார். மன்னரின் உதவியோடு அவர் இங்கிருந்து பாவாதமலைக்கு யாத்திரை போனார்.

வடக்கே, வில்பத்துக் காட்டின் கடலோரத்தில், குதிரைமலை இருக்கிறது. முத்து வணிகத்தை ஆண்ட அல்லி அரசாணியின் கோட்டை அங்கே இருந்தது என்பது வாய்வழிக் கதை. கதையாக இருந்தாலும், ஒரு பெண் ஆண்ட கரை என்று கேட்கும்போது மனதுக்கு இதமாகத்தான் இருந்தது.

போர்த்துக்கேயர் வந்தார்கள். 1659 இல் ஒல்லாந்தர் கற்பிட்டியைப் பிடித்தார்கள். கண்டி இராச்சியம் வெளிநாட்டோடு செய்த வணிகத்துக்குப் புத்தளம் ஒரு வாசலாக இருந்தது. களப்பின் வாயில் உள்ள கற்பிட்டியைப் பிடித்தால் அந்த வாசலைப் பூட்டிவிடலாம் என்பது ஒல்லாந்தரின் கணக்கு. அதற்காகவே 1667 முதல் 1676 வரை கோட்டையைக் கட்டினார்கள். 1795 இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது.

இன்று கோட்டை கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. வாசலில் அனுமதி கேட்டால் ஒருவர் கூட வந்து காட்டுவார். பவளக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய தடித்த மதில்கள், உடைந்த கூரையோடு நிற்கும் பழைய தேவாலயம், மதில்மேல் ஏறினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை களப்பு. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சீருடையைக் கண்டதும் எங்களில் நான்கு பேருடைய கால்கள் நின்றுவிட்டன. “நீங்க போய்ப் பாத்திட்டு வாங்கோ, நாங்க வெளியில நிக்கிறம்” என்றார்கள். அவர்களோடு இன்னும் இருவர் துணைக்கு நின்றார்கள். மற்றவர்கள் உள்ளே போய் வந்து பார்த்ததைச் சொன்னோம். பெண்கள் குழுவாகப் பயணம் போகும்போது இதற்கும் இடம் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்தே ஆகவேண்டும் என்று இல்லை.

இந்த ஊர் தமிழுக்கும் ஒருவரைத் தந்திருக்கிறது. சைமன் காசிச்செட்டி 1807 இல் கற்பிட்டியில் பிறந்தவர். இலங்கையின் ஊர்களைப் பற்றிய விவரத் தொகுப்பை 1834 இல் வெளியிட்டார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் திரட்டி ‘தமிழ் புளூட்டாக்’ என்ற ஆங்கில நூலை 1859 இல் எழுதினார். அவ்வையார் போன்ற பெண் புலவர்களும் அதில் இருக்கிறார்கள்.

ராத்தா சொன்ன கதை

மாலையில் இறங்குதுறைப் பக்கம் போனோம். வள்ளங்கள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ‘கற்பிட்டிக்குப் போவம்’ என்று சொன்ன மூத்த சகோதரியை நாங்கள் எல்லோரும் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கரையில் நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

“இந்த இடந்தான் எண்டு எனக்குச் சொல்ல ஏலாது. அப்ப இந்தக் கட்டடமொண்டும் இல்ல. ஆனா இந்த வாசம் அதுதான். தொண்ணூறாம் ஆண்டு. எனக்குப் பதின்மூண்டு வயசு.”

1990 ஒக்டோபர் கடைசியில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரமே கொடுத்தார்கள். மன்னார் தீவில் இருந்தவர்களில் பெருந்தொகையானோர் வள்ளங்களில் ஏறித் தெற்கே வந்தார்கள். அவர்கள் கரையேறிய இடம் இந்தக் கற்பிட்டிக் கரை.

“வாப்பா எங்கள முதல் வள்ளத்தில ஏத்திப்போட்டு அடுத்ததில வாறன் எண்டார். மழை. வள்ளத்துக்குள்ள தண்ணி. உம்மா தங்கச்சிய நெஞ்சோட கட்டி வைச்சிருந்தா. ஒரு இரவும் அடுத்த நாள் பொழுதும் கடலில. இங்க வந்து இறங்கேக்க என்ர கால் மரத்துப் போச்சு. கரையில ஒரு உம்மா நிண்டா. ஆரெண்டு இண்டைக்கும் தெரியா. என்னைத் தூக்கி இறக்கி, தன்ர முந்தானையால தலையத் துவட்டி, ஒரு கோப்பை கஞ்சி தந்தா. அந்தக் கஞ்சி தந்த மனுசிய ஒருக்காத் தேடிப் பாக்க வேணும் எண்டு முப்பது வருசத்துக்கு மேல நினைச்சிட்டன்.”

அந்த நாட்களில் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் உள்ள மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். தங்கள் அடுப்பில் சமைத்துக் கொடுத்தார்கள். சில நாட்களுக்கு என்று நினைத்த இருப்பு பல வருடங்களாக நீண்டது. தென்னந்தோட்டங்களில் ஓலைக் கொட்டில் முகாம்கள் எழுந்தன. வந்தவர் தொகை கூடக் கூட, தண்ணீருக்கும் கூலி வேலைக்கும் பாடசாலை இடத்துக்கும் போட்டி வந்தது. இருந்தவர்களுக்கும் வந்தவர்களுக்கும் இடையே கசப்பும் வந்தது. வந்தவர்கள் ‘அகதி’ என்ற பெயரைப் பிள்ளைகள் பெரியவர்களாகும் வரை சுமந்தார்கள். 2009 இல் போர் முடிந்த பிறகு பலர் வடக்குக்குத் திரும்பினார்கள். பலர் இங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள். ஒரு குடும்பத்தில் பாதி அங்கே, பாதி இங்கே என்பது இன்றும் சாதாரணம்.

ராத்தா பேசி முடித்ததும் ஒரு தமிழ்ச் சகோதரி மெல்லச் சொன்னார்: “அப்ப நானும் மன்னாரிலதான் இருந்தனான் ராத்தா. பத்து வயசு. பக்கத்து வீடு திடீரெண்டு வெறிச்சுப் போச்சு. என்னோட பள்ளிக்கூடம் வந்த பிள்ளை வரேல்ல. ஏன் எண்டு அம்மாட்டக் கேட்டன், வாயப் பொத்தச் சொன்னா. பிறகு கேக்காமலே விட்டிட்டம்.”

ராத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ சின்னப் பிள்ளைதானே. ரெண்டாயிரத்து ஒம்பதில உங்களுக்கு நடந்தத நாங்க இங்க டிவியில பாத்தம். நாங்களும் கேக்கேல்ல.”

ஒரே குழுவில் ஆறு வருடமாகச் சீட்டுப் போட்டு, ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள் அவர்கள். இந்தப் பேச்சை அன்றுதான் முதல் தடவையாகப் பேசினார்கள். ஊரில் பேச முடியாத சில விஷயங்களை வேறொரு கரையில் நின்று பேச முடிகிறது.

கஞ்சி கொடுத்த அந்தத் தாயை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு மூன்று வீடுகளில் விசாரித்தோம். “அப்ப இந்த ஊரில எல்லா வீட்டிலயும் கஞ்சி காய்ச்சினாங்க மகள்” என்றார் ஒரு முதிய பெண். ராத்தா அவருக்கே ஸலாம் சொல்லி, கொண்டுபோயிருந்த பனங்கட்டிப் பொதியை அவர் கையில் கொடுத்தார்.

சாப்பாட்டுச் சுவை

இரவுச் சாப்பாடு சொந்தக்காரர் வீடு ஒன்றில். ராத்தாவின் உறவுக்காரர்கள். பாய் விரித்து எல்லோரையும் உட்கார வைத்தார்கள். இடியப்பம், தேங்காய்ப்பால் விட்ட மீன் ஆணம், முருங்கையிலை போட்ட நண்டுக் கறி, கணவாய்ப் பொரியல், பச்சை மிளகாய்ச் சம்பல். கடைசியில் வட்டிலப்பம். அந்த நண்டுக் கறியின் பக்குவத்தைக் கேட்டு எழுதி வந்திருக்கிறேன்.

நண்டு ஒரு கிலோ. ஓட்டைக் கழற்றிக் கழுவி, கால்களைத் தட்டி வைக்கவும். சட்டியில் சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ரம்பை, சிறிது வெந்தயம் போட்டு வதக்கவும். மிளகாய்த் தூள் இரண்டு மேசைக்கரண்டி, மல்லித்தூள் ஒன்று, மஞ்சள் சிறிது, உப்பு சேர்த்துப் பிரட்டி நண்டைப் போடவும். இரண்டாம் பால் விட்டு மூடி அவியவிடவும். நண்டு சிவந்ததும், வறுத்த அரிசியையும் தேங்காய்ப்பூவையும் அரைத்த கூட்டைக் கரைத்து விடவும். முதற்பால் விட்டு ஒரு கொதி வந்ததும் ஒரு பிடி முருங்கையிலையைத் தூவி இறக்கி, தேசிக்காய்ப் புளி விடவும். நண்டு வாங்க முடியாத நாளில் இதே பக்குவத்தில் கத்தரிக்காயும் கருவாடும் சமைக்கலாம். அதுவும் குறைவில்லை.

கடலுக்குள்ளே

மறுநாள் காலை 6.30. கற்பிட்டிக்கு இன்று பலர் வருவதே இதற்காகத்தான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை இந்தப் பக்கக் கடல் அமைதியாக இருக்கும். அப்போது ஓங்கல்கள், அதாவது டொல்பின்கள், கூட்டம் கூட்டமாகத் தெரியும். மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குக் காற்றுக் காலம். அப்போது களப்பில் பட்டம் கட்டி நீரில் சறுக்கி விளையாட வெளிநாட்டவர்கள் வருவார்கள்.

இரண்டு பேர் படகில் ஏறவில்லை. யாரும் வற்புறுத்தவில்லை. நேற்று ராத்தாவோடு பேசிய சகோதரி ஏறுவாரா என்று எங்களுக்குத் தெரியாது. அவர் திருமணமாகி வன்னிக்குப் போனவர். 2009 இல் முல்லைத்தீவுக் கரையில் கணவரை இழந்தவர். மன்னாருக்குத் திரும்பி இத்தனை வருடமாகியும் கடற்கரைப் பக்கம் போகாதவர். மீன் வாங்குவதென்றால்கூடச் சந்தைக்குத்தான் போவார். ராத்தா முதலில் ஏறி உட்கார்ந்து பக்கத்தில் இடம் வைத்தார். இவர் பேசாமல் போய் உட்கார்ந்தார்.

கரை மறையத் தொடங்கியதும் அவருக்கு மூச்சு வாங்கியது. ராத்தாவின் தோளைப் பிடித்து முகத்தை மூடிக்கொண்டார். படகோட்டி சிங்களமும் தமிழும் கலந்து பேசும் இளைஞர். எஞ்சினைக் குறைத்து, “அக்கா, திருப்பட்டுமா? சொல்லுங்க, நான் திருப்புறேன்” என்றார். கொஞ்ச நேரம் படகு சும்மா ஆடியது. பிறகு அவரே, “வேண்டாம் தம்பி, போங்கோ” என்றார்.

இன்னும் அரை மணி நேரம். முதலில் தூரத்தில் நீர் கொதிப்பது போலத் தெரிந்தது. கிட்டப் போனதும் எண்ண முடியாத முதுகுகள். திடீரென்று ஒன்று நீரிலிருந்து எழும்பி, பம்பரம் போலத் தன்னைத்தானே சுற்றி, தொப்பென்று விழுந்தது. பிறகு இன்னொன்று. குட்டிகள் தாயின் விலாவோடு ஒட்டியபடி நீந்தின. இந்த வகை ஓங்கல்கள் இரவில் ஆழத்திலிருந்து மேலே வரும் மீன்களையும் கணவாய்களையும் உண்டு, பகலில் ஓய்வெடுக்கும். அதனால்தான் படகுகள் அவற்றைத் துரத்தக் கூடாது. துரத்தினால் அவற்றின் ஓய்வு கெடும். நல்ல படகோட்டி எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அவை தாமாகவே பக்கத்தில் வரும்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்தக் கடலில் பெருந்தலைத் திமிங்கிலங்களும் வருவதுண்டு. அவற்றின் பெண்களும் குட்டிகளும் ஒன்றாகக் கூடி வாழ்கின்றன. ஒரு தாய் இரை தேடி ஆழத்துக்குப் போனால், குட்டியால் அவ்வளவு ஆழம் போக முடியாது. அப்போது மற்றப் பெண் திமிங்கிலங்கள் மேலே நின்று அந்தக் குட்டியைப் பார்த்துக்கொள்ளும். படகோட்டி இதைச் சொன்னதும், “எங்கட கொட்டிலில நாங்க செய்ததுதானே” என்றார் ஒருவர். முகாமில் ஒருத்தி நிவாரண வரிசைக்குப் போனால் மற்றவள் பிள்ளையைப் பார்த்த காலம் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது.

கரைக்குத் திரும்பும்போது அந்தச் சகோதரியிடம் கேட்டேன். “பயம் போச்சு எண்டு சொல்ல மாட்டன்” என்றார். “ஆனா இவ்வளவு நாளும் கடல் எண்டு கண்ண மூடினா ஒண்டே ஒண்டுதான் தெரியும். இனி இதுவும் தெரியும்.”

காப்பாற்ற வேண்டிய செல்வம்

புத்தளம் களப்பு 300 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டது. காலா ஓயாவும் மீ ஓயாவும் இதில் வந்து சேர்கின்றன. காலா ஓயா கலக்கும் இடத்தில் உள்ள கண்டல் காடு நாட்டிலேயே மிகப் பெரியது. கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் நண்டும் வளர்கின்றன. கரையை அலை அரிக்காமல் காப்பதும் அவைதான். கடற்புல் மேயும் கடற்பசு இப்போது அரிதாகிவிட்டது.

1980களில் இறால் பண்ணைகளுக்காகப் புத்தளம், சிலாபம் பகுதிகளில் கண்டல்கள் வெட்டப்பட்டன. கொஞ்சக் காலம் காசு கொட்டியது. 1996 இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகளை அழித்தது. கைவிடப்பட்ட குளங்களை இன்றும் வழியில் காணலாம். மரமும் போயிற்று, இறாலும் போயிற்று.

பின்னர் பெண்களிடமிருந்தே ஒரு வழி பிறந்தது. 2015 இல், சிலாபத்தைத் தளமாகக் கொண்ட ‘சுதீச’ என்ற அமைப்பு, வெளிநாட்டு உதவியோடும் அரசாங்கத்தின் துணையோடும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கரையோரப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறு கடனும் கொடுப்பது, அதற்கு ஈடாக அவர்கள் தங்கள் பகுதிக் கண்டலைக் காவல் காப்பது என்பது ஏற்பாடு. 15,000 பெண்களைச் சென்றடைவது அதன் இலக்கு. சிலாபத்துக்கு அருகே பம்பலையில் 2016 இல் கண்டலுக்கென்றே ஒரு காட்சியகமும் திறக்கப்பட்டது.

கடலுக்கடியில் உள்ள பவளப்பாறைப் பகுதி 1992 இல் சரணாலயமாக்கப்பட்டது. 1998 இலும் 2016 இலும் கடல் சூடேறியதில் பவளங்கள் வெளுத்துப் பெருமளவு அழிந்தன. பாறைமேல் நிற்காமலும் ஒரு துண்டைக்கூட எடுக்காமலும் இருப்பது பார்க்கப் போகும் நம் கடமை.

திரும்பும் வழியில் கருவாட்டு வாடி ஒன்றில் இறங்கினோம். எங்கள் குழுவில் கருவாடு விற்பவர் அங்கே வேலை செய்த பெண்களோடு ஒரு மணி நேரம் பேசினார். மீனை மணலில் போடாமல், தடியால் கட்டிய உயர்ந்த தட்டியில் வலை விரித்துக் காயவைத்தால் மணல் ஒட்டாது, கீழிருந்தும் காற்றுப் பட்டு விரைவாகக் காயும், விலையும் கூடும் என்று அறிந்துகொண்டார். ஊருக்கு வந்த அடுத்த வாரமே தட்டி கட்டிவிட்டாராம். பார்க்கப் போனது வீண் செலவு என்று சொன்ன மருமகன்தான் தடி வெட்டிக் கொடுத்தாராம்!

நீங்களும் போக விரும்பினால்

தனியாகப் போவதை விடக் குழுவாகப் போவது செலவும் குறைவு, மனதுக்கும் தைரியம். ஒரு வருடத்துக்கு முன்பே சேமிக்கத் தொடங்குங்கள். கணக்கை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள்.

கொழும்பிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் கற்பிட்டிக்குப் பஸ் உண்டு. புத்தளத்தில் மாறினால் போதும்.

ஓங்கல் பார்க்க டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் காற்றும் அலையும் கூடும். படகுக் கூலி ஆளுக்கா, படகுக்கா என்று முன்பே பேசி முடியுங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். அங்கி ஆளுக்கு ஒன்று இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

தங்குமிடத்தில் முன்கூட்டியே பேசி, பெண்கள் மட்டும் வருவதாகச் சொல்லி, அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, வழக்கமான மருந்து, தலைக்கு மறைப்பு, குடிநீர் மறக்க வேண்டாம்.

மிக முக்கியமாக, யாருக்கு எது கஷ்டம் என்பதைப் புறப்படுமுன் பேசிக்கொள்ளுங்கள். படகில் ஏறாதவரும், கோட்டைக்குள் போகாதவரும், ஜெபிக்கத் தனியே ஒதுங்குபவரும் குழுவில் இருப்பார்கள். அவர்களுக்காக ஒருவர் நிற்கும் குழுதான் நல்ல குழு.

சகோதரிகளே, நாம் துரத்தப்பட்டுப் பயணம் செய்தவர்கள். வரிசையில் நிற்கப் பயணம் செய்தவர்கள். விரும்பிப் போய், பார்த்து, சாப்பிட்டு, சிரித்து, அழ வேண்டியிருந்தால் அழுது, திரும்பி வீட்டுக்கே வந்து சேரும் பயணம் ஒன்றும் நமக்கு உரியதுதான். அது ஆடம்பரம் இல்லை.

மன்னார் சகோதரிகள் அடுத்த சீட்டைத் தொடங்கிவிட்டார்கள். இந்த முறை எங்கே என்று கேட்டேன். இன்னும் முடிவாகவில்லையாம். ஆனால் பன்னிரண்டு பேர் இப்போது பதினாறு பேராகிவிட்டார்கள். படகில் ஏறாமல் கரையில் நின்ற இருவரும் முதல் ஆட்களாகக் காசு கட்டியிருக்கிறார்கள்.